பாரந்தூக்கிப் பொறிகளும் அவற்றின் சந்தையும்



என் தங்கையின் பேரன் பாலிடெக்னிக் படிப்பை முடித்துவிட்டுச் சென்ற கோடையில் என்னைக் காண நாகர்கோவிலுக்கு வந்திருந்தான். அவன் கையில் ஒரு கற்றைத் தாள்கள் இருந்தன. தொழிற்சாலைகளிலும் துறைமுகங்களிலும் பயன்படும் கிரேன்களின் உலகச் சந்தை ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு பெருகும் என்று கூறும் மூன்று அறிக்கைகள் அவை. மூன்றும் மூன்று எண்களைக் கூறின. "தாத்தா, கிரேன் கம்பெனி ஒன்றில் வேலைக்கு அழைக்கிறார்கள். இந்தத் தொழில் நிலைத்து வளருமா? இவற்றுள் எந்த எண்ணை நம்புவது?" என்று கேட்டான். நான் கணக்கும் பௌதிகமும் கற்பித்தவன். வாணிபம் கற்பித்தவன் அல்லன். ஆயினும் கேட்ட பிள்ளைக்கு விடை கூறாதிருப்பது ஆசிரியனுக்கு அழகன்று. அன்று அவனுக்குக் கூறியதையே இன்று சற்று விரித்து உங்களுக்கும் கூறுகின்றேன்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். பாரத்தை மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் மட்டும் வல்ல பொறியை ஹாய்ஸ்ட் என்பர். பட்டறைகளில் கையால் சங்கிலியை இழுத்து இயக்கும் செயின் பிளாக் அவ்வினத்தைச் சேர்ந்தது. அந்த ஹாய்ஸ்டை ஓர் உத்தரத்தின்மீது ஓடவிட்டு, அவ்வுத்தரத்தையும் தண்டவாளங்களின்மீது ஓடவிட்டால், பாரத்தை அக்கூடத்தின் எம்மூலைக்கும் கொண்டு செல்லலாம். அதுவே கிரேன், நம் தமிழில் பாரந்தூக்கி.

இப்பொறியின் சந்தையில் ஒரு வியப்பு உண்டு. அரிசியை உண்பதற்கு வாங்குகிறோம். துணியை உடுப்பதற்கு வாங்குகிறோம். பாரந்தூக்கியை அதன் பொருட்டு வாங்குவார் ஒருவரும் இலர். உருக்கு வேண்டும், கப்பலில் சரக்கு ஏற வேண்டும், காற்றாலை நிற்க வேண்டும். அவற்றிற்காகவே பாரந்தூக்கி வேண்டும். அதன் தேவை இரவல் தேவை. இரவலாக வருவது மற்றத் தேவைகளைப் போல் சீராக வருவதில்லை.

கரும்பலகை இல்லை, மனத்திலேயே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு துறைமுகத்தில் 20 பாரந்தூக்கிகள் உள்ளன என்று கொள்வோம். ஒவ்வொன்றும் 20 ஆண்டு உழைக்கும். ஆண்டுக்கு ஒன்று பழுதாகிக் கழியும். ஆண்டுக்கு ஒன்று புதிதாக வாங்கப்படும். ஓராண்டில் வாணிபம் பத்து விழுக்காடு உயருகிறது. இப்போது 22 பாரந்தூக்கிகள் தேவை. கழிந்ததற்கு ஒன்று, கூடியதற்கு இரண்டு, ஆக மூன்று வாங்குகிறார்கள். வாணிபம் உயர்ந்தது பத்தில் ஒரு பங்கே. பாரந்தூக்கி செய்பவருக்கு வந்த வேலையோ மும்மடங்கு! மறு ஆண்டு வாணிபம் குறையவில்லை, உயர்ந்த இடத்திலேயே நிற்கிறது. அப்போது அவருக்கு எத்தனை ஆணைகள் வரும்? மீண்டும் ஒன்றே ஒன்று. யாருடைய தொழிலும் நலியாதிருக்கும்போதே அவருடைய தொழில் மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. ஜான் மாரிஸ் கிளார்க் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் இவ்வுண்மையை 1917இல் எழுதிய ஒரு கட்டுரையில் விளக்கினார். அந்த மூன்று அறிக்கைகளில் இவ்விதியைப் பற்றி ஒரு வரியும் காணோம். மேடுபள்ளமான சாலைக்குச் சராசரி உயரம் கூறுவது போன்றது அவை தரும் எண்.

துறைமுகத்தின் கதை இதனை நன்கு காட்டும். 1956ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் மால்கம் மக்லீன் என்பவரின் 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பல், 58 இரும்புப் பெட்டிகளுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குச் சென்றது. மூட்டை மூட்டையாகச் சரக்கேற்ற டன்னுக்கு 5 டாலர் 83 சென்ட் ஆன காலத்தில், பெட்டி முறையில் 16 சென்டுக்கும் குறைவாகவே ஆயிற்று. அவ்வளவு வேறுபாடு இருந்தால் உலகம் சும்மா இருக்குமா? 1959இல் கலிபோர்னியாவின் அலமீடாவில், பெட்டிகளைத் தூக்குவதற்கென்றே அமைந்த பாரந்தூக்கி கரையில் எழுந்தது. பிறகு துறைமுகந்தோறும் அத்தகையவை எழுந்தன. சென்னைத் துறைமுகத்திலும் 1983இல் பெட்டகக் கப்பல்களுக்கெனத் தனி முனையம் திறக்கப்பட்டது.

பனாமாக் கால்வாயின் பழைய பூட்டுகளில் ஏறத்தாழ 32 மீட்டர் அகலமுள்ள கப்பல்களே நுழைய முடியும். ஆதலின் நெடுங்காலம் கப்பல்கள் அந்த அகலத்தைக் கடக்கவில்லை. கரையிலிருந்து நீளும் பாரந்தூக்கியின் கையும் அதற்கேற்ப அமைந்தது. 1988இல் ஓர் அமெரிக்க நிறுவனம் அக்கால்வாயைப் பொருட்படுத்தாது அகன்ற பெட்டகக் கப்பல்களைக் கட்டிக் கடலில் விட்டது. இன்றைய பெருங்கப்பல்கள் 61 மீட்டர் அகலம் கொண்டவை. குறுக்கே 24 பெட்டிகள் நிற்கும். பழைய பாரந்தூக்கிகள் தேயவில்லை, உடையவில்லை. கை எட்டவில்லை, அவ்வளவே. நல்ல நிலையில் இருந்த பொறிகள் குள்ளமானவை என்ற ஒரே குற்றத்திற்காகக் கழிக்கப்பட்டன. புதிய தேவை இவ்வாறும் பிறக்கும்.

அத்தேவையை இன்று பெரும்பாலும் நிறைவேற்றுவது, 1992இல் ஷாங்காயில் தொடங்கப்பெற்ற செட்பிஎம்சி என்னும் சீன நிறுவனம். 2023ஆம் ஆண்டு அக்டோபரில், நம் மாவட்டத்திற்கு அண்டையிலுள்ள விழிஞம் துறைமுகத்திற்கு 'சென் ஹுவா 15' என்னும் கப்பல் வந்தது. பாரந்தூக்கிகளைப் பிரித்து அடுக்கிக் கொணரவில்லை. முழுமையாக நிமிர்த்தி நிற்கவைத்தே கடலைக் கடந்து வந்தது அக்கப்பல். முதற்கட்டத்திற்குக் கரையில் 8, களத்தில் 24, ஆக 32 பாரந்தூக்கிகள். களத்துப் பொறிகளைக் கட்டுப்பாட்டு அறையில் திரையின் முன் அமர்ந்து அவ்வூர்ப் பெண்களும் இயக்குகின்றனர் என்பதைக் கேட்டு மகிழ்ந்தேன். ஆனால் ஒரே நாட்டை இத்துணை நம்பியிருத்தல் எல்லார்க்கும் உவப்பன்று. 2024 மே திங்களில் அமெரிக்க அரசு சீனத்துக் கரைப் பாரந்தூக்கிகளுக்கு 25 விழுக்காடு வரி விதிப்பதாக அறிவித்தது. நம் நாட்டில் இத்தகையவற்றைச் செய்யப் போதிய ஆணைகள் தொடர்ந்து வருமா என்பதே கேள்வி, திறமை இல்லாமையன்று. மேலே போட்ட கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் நிற்கும் காற்றாலைகளை உங்களிற் சிலர் கண்டிருப்பீர்கள். அங்குள்ள பழைய ஆலைகள் சிறியவை. அவற்றை அகற்றிப் பெரியவற்றை நிறுவுவதற்குத் தமிழக அரசு 2024இல் ஒரு கொள்கை வகுத்தது. நூறு மீட்டருக்குமேல் உயர்ந்த கோபுரத்தின் உச்சிக்குப் பல டன் எடையுள்ள பொறியை ஏற்ற மாபெரும் கிரேன் வேண்டும். ஆனால் காற்றாலைக்காரர் அதனை வாங்குவதில்லை. சில நாட்களுக்கு வாடகைக்கு அமர்த்துகிறார். வாங்குபவர் வாடகை நிறுவனத்தார். இரவல் தேவையிலும் இரவல்!

உருக்காலைகளுக்கு வருகின்றேன். 2030–31க்குள் ஆண்டுக்கு 30 கோடி டன் உருக்கு செய்யும் ஆற்றல் பெறவேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் தேசிய உருக்குக் கொள்கை குறித்தது. உருக்காலை ஒவ்வொன்றிலும் எத்தனையோ பாரந்தூக்கிகள் தேவை. ஆதலின் சந்தை பெரிதே. ஆனால் எல்லாப் பாரந்தூக்கியும் ஒன்றன்று. உருகிய உருக்கு நிறைந்த கொப்பரையைத் தூக்குவதற்கு, ஒரு பாகம் பழுதுற்றாலும் மற்றொன்று தாங்கும்படி அமைந்த தனிவகை வேண்டும். அதன் விலை மிகுதி. 2007ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் சீனத்து லியாவோநிங் மாகாண உருக்காலை ஒன்றில் கொப்பரை விழுந்தது. வேலை மாறும் நேரமாதலின் தொழிலாளர் பக்கத்து அறையில் கூடியிருந்தனர். 32 பேர் மாண்டனர். அங்கே கொப்பரையைத் தூக்கியது பொதுவேலைக்குரிய சாதாரணப் பாரந்தூக்கி என்று விசாரணையில் தெரிந்தது. வாங்கியவர் கணக்கில் அது சிக்கனமாகத் தோன்றியிருக்கும். சந்தை அறிக்கையிலும் அது விற்பனையான ஒரு பாரந்தூக்கியாகவே எண்ணப்பட்டிருக்கும்.

இதை நான் தொலைவிலிருந்து கூறவில்லை. என் பழைய மாணவர் ஒருவர் கோயம்புத்தூரில் ஒரு வார்ப்படச் சாலையில் வேலை பார்த்தார். ஒரு டன் பாரத்திற்குரிய செயின் பிளாக்கில் ஒன்றரை டன் வார்ப்படத்தைத் தூக்குவது அங்கே வழக்கம். கொக்கியின் வாய் நாளுக்கு நாள் விரிந்து வந்தது, ஒருவரும் பார்க்கவில்லை. ஒருநாள் கயிறு நழுவிற்று. இடக்காலில் நான்கு விரல்கள் போயின. "சார், அந்தக் கொக்கியை அளக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது" என்று மருத்துவமனையில் என்னிடம் கூறினார். தூக்குபொறிகளைப் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறையேனும் தகுதி பெற்றவர் முற்றும் சோதிக்க வேண்டும், தாங்கும் எடையைப் பொறியின்மேல் எழுத வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே 29ஆம் பிரிவில் விதித்திருந்தது. எழுதியிருந்தது எல்லார்க்கும் தெரியும். நானும் பள்ளியில் நெம்புகோலும் கப்பியும் கற்பித்தேன். எந்திர இலாபத்தைக் கணக்கிடச் செய்தேன். கொக்கி ஏன் விரியும் என்று ஒருநாளும் கேட்கச் செய்யவில்லை. அக்குறை என்னுடையதே.

குணமான பிறகு அவர் பாரந்தூக்கிகளைச் சோதித்துப் பழுதுபார்க்கும் தொழிலில் இறங்கினார். இங்கேதான் என் பேரனுக்குரிய விடை இருந்தது. புதிய பாரந்தூக்கியின் விற்பனை ஏறும், இறங்கும். விற்ற பாரந்தூக்கியோ இருபது முப்பது ஆண்டு நிற்கும். அத்தனை ஆண்டும் கம்பி வடம் தேயும், தடைக்கட்டை தேயும், கொக்கி விரியும். நல்ல காலத்தில் ஆலைக்காரர் புதியது வாங்குவார். கெட்ட காலத்தில் பழையதைப் பழுதுபார்த்து ஓட்டுவார். ஃபின்லாந்து நாட்டில் 1994இல் தனி நிறுவனமாகப் பிரிந்த கோனேகிரேன்ஸ், தான் செய்தவற்றை மட்டுமன்றிப் பிறர் செய்த பாரந்தூக்கிகளையும் பேணிக் காப்பதை ஒரு பெருந்தொழிலாகவே நடத்துகிறது. மேடுபள்ளத்தை அறிந்தவர்கள் அவர்கள்.

"அறிக்கையின் எண்ணை விடு. உன்னை விற்பனைப் பிரிவுக்கு அழைக்கிறார்களா, பராமரிப்புப் பிரிவுக்கு அழைக்கிறார்களா என்று கேள்" என்றேன். அவன் முகம் சற்று வாடிற்று. விற்பனைப் பிரிவில்தான் சம்பளம் கூடுதலாம். கோயம்புத்தூருக்குச் சென்று என் மாணவரை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுமாறு கூறி அனுப்பினேன். இரண்டு நாள் அவருடன் பட்டறை பட்டறையாகச் சுற்றியவன், பராமரிப்பையே தேர்ந்தெடுத்தான்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது எங்கள் வீட்டுக் கிணற்றடியில் குளிக்கச் சென்றவன், நெடுநேரம் திரும்பவில்லை. போய்ப் பார்த்தேன். கப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "தாத்தா, அச்சு பாதி தேய்ந்துவிட்டது. இதைக் கவனிக்கவே இல்லையா?" என்றான். நாற்பது ஆண்டுகளாக நான் நீர் இறைத்த கப்பி அது. மறுநாள் கடைத்தெருவுக்குச் சென்று புதிய அச்சு வாங்கி வந்தேன்.