நின்ற இடத்திலேயே மாநிலம் மாறிய ஊர்
(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

கூட்டத்துக்கு வர இயலாதவர்களும் படிக்கட்டும் என்று பேசியதை எழுதித் தந்திருக்கிறேன்.

புதிதாகக் குடிவந்தவர்கள், "திருத்தணி முன்னே ஆந்திராவில் இருந்ததாமே சார்?" என்று கேட்பதுண்டு. இருந்தது, ஆனால் ஆறரை ஆண்டுகள்தான்.

டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888-இல் இங்கே பிறந்தபோது இது சென்னை மாகாணத்தின் வடாற்காடு மாவட்டம். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானதும் அதில் சேர்க்கப்பட்டது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூரோடு சேர்ந்து நம் ஊரும் போனது. 1960 ஏப்ரல் 1 அன்று திரும்பி வந்து செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம். அவர் 1952-இல் துணைக் குடியரசுத் தலைவரானபோது பிறந்த ஊர் சென்னை மாநிலத்தில் இருந்தது. பதவியில் இருக்கும்போதே ஆந்திராவுக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டது!

திரும்பியது தானாக நடக்கவில்லை. ம.பொ.சி.யும், நம் பக்கத்துக் கிராமங்களில் தமிழ் சொல்லிக்கொடுத்த மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டம் அது. கடைசியில் படாஸ்கர் என்பவர் நடுவராக வந்தார். அவர் வைத்த அளவுகோல்தான் இன்று நமக்கு முக்கியம். தாலுகாவை மொத்தமாகப் பார்க்காமல் கிராமம் கிராமமாகப் பார்த்தார். அந்தக் கிராமத்தில் எந்த மொழி பேசுவோர் அதிகம், நிலப்பரப்பு எந்தப் பக்கத்தோடு தொடர்ச்சியாக இருக்கிறது என்று கேட்டார். திருப்பதி அங்கேயே நின்றது. திருத்தணி இங்கே வந்தது. யாரோ ஒரு கணக்கெடுப்பாளர் திண்ணையில் உட்கார்ந்து எழுதிய மொழிக் கணக்கு எல்லைக்கோடாக மாறியது.

கோடு போட்டாலும் ஊரின் அமைப்பு மாறவில்லை. தெற்கே 13 கிலோமீட்டரில் அரக்கோணம். வடக்கே நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி. ரயிலும் சாலையும் இரண்டையும் கோத்தபடி நம் வழியாகத்தான் போகின்றன. நந்தியாற்றங்கரையில் வீரட்டானேசுவரர் கோயில் இருக்கிறது. பல்லவர்களின் கடைசி மன்னன் அபராஜிதன் காலத்துக் கற்றளி. மலைக்கு வரும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. அடுத்த ஞாயிறு பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

மக்கள் தொகைக்கு வருகிறேன். 2011 கணக்குப்படி நகராட்சியில் சுமார் 45 ஆயிரம் பேர். அதன்பின் கணக்கே எடுக்கவில்லை. நம்மைப் போன்ற புது நகர்கள் பல அந்த எண்ணிக்கையில் இல்லை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு 365 படி ஏறுபவர்களும், டிசம்பர் 31 இரவு படித் திருவிழாவுக்கு வருபவர்களும் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். குடிநீரும் குப்பை வண்டியும் மட்டும் எல்லோருக்கும் வேண்டும்.

2027 கணக்கெடுப்புக்கு ஆள் வரும்போது கதவைச் சாத்தாதீர்கள். வாடகைக்கு இருப்பவர்களையும் கைக்குழந்தையையும் விடாமல் சொல்லுங்கள். தாய்மொழிக் கேள்வியில்தான் நம் ஊரில் குழப்பம் வரும். 2011 கணக்கெடுப்பில் அதற்குக் கொடுத்த விளக்கம், குழந்தைப் பருவத்தில் தாய் நம்மிடம் பேசிய மொழி என்பதுதான். இப்போது வீட்டில் பேசுவதோ பள்ளியில் படித்ததோ அல்ல. ஒருவரைப் பார்த்து வீடு முழுவதற்கும் ஒரே மொழி எழுதக் கூடாது. ஆளாளுக்குத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். தெரிந்த வேறு இரண்டு மொழிகளைச் சொல்லவும் இடம் இருந்தது.

நம் தெருக்களில் பாட்டி தெலுங்கிலும் பேரன் தமிழிலும் பேசிக்கொள்ளும் வீடுகள் உண்டு. அங்கே பாட்டிக்குத் தெலுங்கு என்றே எழுதச் சொல்லுங்கள். "தமிழ்நாட்டில் இருக்கிறோம், தமிழ் என்றே போட்டுவிடு" என்று மகன் சொன்னால், பாட்டியை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பதில் சொல்லச் சொல்லுங்கள்.