நீரில் இறங்கும் சிறு விமானங்கள்



கண்டி மாநகருக்கு விமான நிலையம் இல்லை. மலைகள் சூழ்ந்த அந்தப் பள்ளத்தாக்கிலே நீண்ட ஓடுபாதைக்கு ஏற்ற சமநிலம் கிடைப்பது அரிது. ஆனால், மகாவலி கங்கையை மறித்து 1976ஆம் ஆண்டில் நிறைவெய்திய பொல்கொல்ல அணை, நகருக்கு அண்மையில் ஒரு நீர்ப்பரப்பை அளித்தது. இந்த நூற்றாண்டிலே உல்லாசப் பயணிகளை ஏற்றிய சிறு மிதவை விமானங்கள் அந்நீரில் இறங்கலாயின.

தண்ணீர் மெத்தென்றிருப்பதுதானே, அதில் இறங்குவதில் ஆபத்து என்ன என்று வினவத் தோன்றும். வேகமாக வந்து மோதும் பொருளுக்குத் தண்ணீர் மெத்தையன்று, பாறைக்கு ஒப்பானது.

தரையிலும் நீரிலும் இறங்கவல்ல விமானத்தின் மிதவைகளில் மடக்கக்கூடிய சில்லுகள் உண்டு. தரையில் இறங்கும்போது அவற்றை நீட்ட வேண்டும். நீரில் இறங்கும்போது மடக்க வேண்டும். தரையிலே நீட்ட மறந்தால், பெரும்பாலும் மிதவையின் அடிப்பாகம் உராய்வதோடு போகும். நீரிலே மடக்க மறந்தாலோ, சில்லுகள் நீரைப் பற்றிக்கொள்ள, விமானம் தலைகுப்புறக் கவிழும். ஓடுபாதையில் இறங்கிப் பழகிய கை, சிந்தியாமலே சில்லுகளை நீட்டிவிடக்கூடும். ஆகையால் தேர்ந்த விமானி, "இது நீரிறக்கம், சில்லுகள் மேலே" என்று வாய்விட்டுச் சொல்லி, கண்ணாலும் பார்த்து உறுதி செய்கிறான்.

இரண்டாவது ஆபத்து அழகின் வடிவில் வருவது. காற்றில்லாத காலையிலே நீர்த்தேக்கம் கண்ணாடியாகி, மலையையும் வானையும் தன்னுள்ளே காட்டும். அலையில்லாத நீரின் மட்டம் எது என்பதை எத்துணை கூரிய கண்ணாலும் அறிய இயலாது. அப்பொழுது கரையோர மரங்களை அளவாகக் கொண்டு, முகப்பைச் சற்றே உயர்த்தி, இயந்திர விசையை முற்றும் குறைக்காமல், மிதவைகள் நீரைத் தொடும்வரை மெல்ல மெல்ல இறங்க வேண்டும். இதற்கு நீண்ட இடம் தேவை. இடம் போதாது என்று கண்டால் மீண்டும் மேலெழ வேண்டும். மலை எதிரே நிற்கும் இடத்தில் அம்முடிவைக் காலந்தாழ்த்தாமல் எடுத்தல் அவசியம்.

தவறான நம்பிக்கை பெரிய விமானங்களையும் விட்டதில்லை. 1974 டிசம்பர் 4ஆம் நாள், கட்டுநாயக்காவில் இறங்க வந்த டி.சி. 8 விமானம் ஒன்று மஸ்கெலியாப் பகுதியில் ஏழு கன்னியர் மலையில் மோதியது. அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரை புறப்பட்டவர்கள். விமானிகள் தாம் இருந்த இடத்தைப் பிழையாகக் கணித்து, மலைகளைக் கடக்குமுன்னரே தாழ இறங்கிவிட்டனர்.

மிதவை விமானத்தில் செல்லும் பயணியும் அறிய வேண்டியது சில உண்டு. விமானம் நீரில் கவிழ்ந்தால், அதன் அசைவு நிற்கும்வரை இருக்கைப் பட்டியை அவிழ்க்கலாகாது. ஒரு கையால் வாயிலைப் பற்றிக்கொண்ட பின்னரே பட்டியை அவிழ்த்து வெளியேற வேண்டும். உயிர்காப்பு அங்கியை உள்ளே இருக்கும்போது ஊதச் செய்தால், அதுவே மேலே தூக்கி, வாயிலை அடையவிடாமல் தடுத்துவிடும். வெளியே வந்த பிறகே அதை ஊதச் செய்ய வேண்டும். புறப்படுமுன் இவற்றை விளக்குவோரின் சொல்லைப் பலர் செவிமடுப்பதில்லை.

பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் மொழி. தெரிந்ததையே மறுமுறையும் சரிபார்க்கும் விமானியும், கேட்டதையே மறுமுறையும் கேட்கும் பயணியும் கரைசேர்வார்கள்.