முதலாளி மாறினா பைலட் ஏன் லீவு போடுறார்?

ராயபுரம் பக்கம் துறைமுக வேலை பார்த்த வீடுகள்ல 'பைலட்'னு சொன்னா, கப்பலை உள்ளே கூட்டிட்டு வர்றவர்தான் ஞாபகத்துக்கு வருவார். இன்னைக்கு நாம பேசப்போறது விமான பைலட்டுகளைப் பத்தி.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் வண்டி ஓட்டுற அண்ணன்களைக் கேளுங்க. ட்ரிப்புக்குக் கிடைக்கிற பேட்டாதான் குடும்பத்தை ஓட்டுதுன்னு சொல்வாங்க. வண்டி கியூவுல நின்னா காசும் நின்னுடும். பைலட் வாங்குற தொகை ரொம்பப் பெரிசு, ஆனா கணக்கு கிட்டத்தட்ட அதேதான். இத்தனை மணி நேரத்துக்கு உறுதியான சம்பளம். அதுக்கு மேல பறந்தா கூடுதல்.

2022 நவம்பர்ல, விஸ்தாராவை ஏர் இந்தியாவோட இணைக்கப் போறதா டாடாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் அறிவிச்சாங்க. அதுவரை விஸ்தாரா பைலட்டுகளுக்கு மாசம் 70 மணி நேரச் சம்பளம் உறுதி. இணைப்புக்காக வந்த புது ஒப்பந்தத்துல அது 40 ஆச்சு. அதிகமா அடி வாங்கினது ஜூனியர் துணை விமானிகள். சீனியாரிட்டி பயமும் சேர்ந்துக்கிச்சு. ரெண்டு கம்பெனி பட்டியலும் ஒண்ணாகும்போது நம்ம பேரு எங்க நிக்குதோ, அதை வெச்சுத்தானே கேப்டன் ஆகுற நாள் முடிவாகும்?

2024 மார்ச் கடைசியில நிறைய பேர் உடம்பு சரியில்லைன்னு லீவு போட்டாங்க. விமானங்கள் வரிசையா ரத்தாச்சு. ஏப்ரல்ல தினமும் 25-லிருந்து 30 விமானங்களை, அதாவது சுமார் பத்து சதவீதத்தை, விஸ்தாராவே குறைச்சுக்கிச்சு. பணி அட்டவணை ரொம்ப இறுக்கமா இருந்துச்சுன்னு தலைமை அதிகாரி வினோத் கண்ணனே ஒத்துக்கிட்டார். கைவசம் உபரி ஆள் இல்லாத இடத்துல, சிலர் வரலைன்னாலே மொத்த அட்டவணையும் சரிஞ்சுடும்.

உடனே வேற ஆள் எடுக்கலாமேன்னு தோணும். முடியாது. ஒவ்வொரு விமான ரகத்துக்கும் தனிப் பயிற்சி, தனித் தேர்வு. போட்டி கம்பெனியில இருந்து இழுக்கலாம்னா, கேப்டனுக்கு ஒரு வருஷம், துணை விமானிக்கு ஆறு மாசம் நோட்டீஸ்னு 2017-லயே டிஜிசிஏ விதி போட்டிருக்கு.

2024 நவம்பர் 12-ல இணைப்பு முடிஞ்சு, விஸ்தாராங்கிற பேரே போயிடுச்சு.

நம்ம ஏரியாவுக்கும் இது புதுசில்ல. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துல மத்திய அரசு வெச்சிருந்த பங்கை 2020-ல சென்னைத் துறைமுகம் வாங்குச்சு. நாளைக்கு உங்க கம்பெனியும் கை மாறலாம். அப்போ மொத்தச் சம்பளம் எவ்வளவுன்னு மட்டும் பார்க்காதீங்க. அதுல உறுதி எவ்வளவு, வேலை இருந்தா மட்டும் வர்றது எவ்வளவுன்னு பிரிச்சுப் படிச்சுட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.