எத்தனை அடி நடந்தீர்கள்?



இன்று எத்தனை அடி நடந்தீர்கள் என்று கேட்டால், நம்மில் பலர் கைபேசியைப் பார்த்து உடனே சொல்லிவிடுவோம். பத்தாயிரத்தை எட்டாவிட்டால் சிலருக்கு மனம் ஆறுவதில்லை. ஆனால் அந்தப் பத்தாயிரம் மருத்துவர் எழுதித் தந்த கணக்கு அல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைக்கருவியின் பெயர் அது. வயது முதிர்ந்த பெண்களைப் பற்றி 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடையிலேயே இறப்பு குறைந்திருந்தது. ஆகவே எண் நமக்கு எசமான் அல்ல. ஆனால் சில வேளைகளில் அது நல்ல சாட்சி.

கணவரை இழந்த ஒரு தாய். வெளியூரில் இருக்கும் மகள் எப்போது கேட்டாலும், "நல்லாத்தான் இருக்கேம்மா" என்பார். விடுமுறைக்கு வந்த மகள், தான் வாங்கித் தந்த கைக்கடிகாரத்தின் கணக்கைப் பார்த்தாள். காலைத் திருப்பலிக்கும் கடைக்கும் போய்வந்த நாட்களில் நாலாயிரம். கடந்த மூன்று மாதமாக ஐந்நூறுகூட இல்லை. வாய் மறைத்ததைக் கால் சொல்லிவிட்டது. மகள் கடிந்துகொள்ளவில்லை. "வாங்கம்மா, கோயில் வரைக்கும் போயிட்டு வருவோம்" என்று கைபிடித்து அழைத்துப் போனாள். மறுநாள் மருத்துவரிடமும் கூட்டிப் போனாள்.

மனம் வந்தால் எழுந்திருப்பேன் என்று காத்திருக்கிறோம். மனச்சோர்வில் பல வேளை வழி நேர்மாறானது: முதலில் ஒரு சிறு செயல், மனம் மெல்லப் பின்னால் வரும்.

தன்னைக் கவனித்துக் குறித்துவைப்பது நம் திருச்சபைக்குப் புதிதல்ல. கோடுகள் வரைந்து, ஒரு குறையில் விழுந்த ஒவ்வொரு முறையும் புள்ளி வைத்து, நேற்றையும் இன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார் புனித இஞ்ஞாசியார். மனம் எப்போது ஆறுதலடைந்தது, எப்போது வறண்டது என்பதையும் கவனிக்கச் சொன்னார். கைக்கடிகாரம் அடிகளை எண்ணும். அந்த அடிகள் யாரை நோக்கிப் போயின என்று அதற்குத் தெரியாது. அதை நாம்தான் கேட்க வேண்டும்.

எம்மாவு வழியில் முகவாட்டத்தோடு நடந்த சீடர் இருவரை ஆண்டவர் தூரத்திலிருந்து அளந்துகொண்டிருக்கவில்லை. கூடவே நடந்தார், என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று கேட்டார், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

இன்றிரவு கைபேசியைக் கீழே வைக்கும் முன், அண்மைக் காலமாகப் பேச்சுக் குறைந்துபோன ஒருவரை நினைத்துப் பாருங்கள். நாளை அவர் வீட்டுக்கு நடந்துபோங்கள். அந்த அடிகளை ஆண்டவர் எண்ணிக்கொள்வார். ஆமென்.