என்ன நல்ல வாசனை!
(நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில் பேசியது)



நான் வங்கிக் கவுன்டரில் இருந்த காலத்தில் நடந்தது. கோயில் பார்க்கக் காஞ்சிபுரம் வந்த ஒரு இத்தாலியத் தம்பதி டிராவலர்ஸ் செக் மாற்ற வந்தார்கள். அந்த அம்மாள் பூசியிருந்த சென்ட் தாழம்பூ மாதிரி மணத்தது. பாராட்டலாமே என்று, "மேடம், யூ ஸ்மெல்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "குட்" என்ற ஒரு சொல்லை விட்டதால் "நாறுகிறீர்கள்" என்று ஆகிவிட்டது! எனக்கு வியர்த்துக் கொட்டியது. கைஜாடையில் எப்படியோ விளக்கினேன். அவர் கணவர் சிரித்துவிட்டு, தங்கள் மொழியில் சொல்லிக் கொடுத்தார்: "கே புவோன் ப்ரொஃபூமோ!"

"என்ன நல்ல வாசனை!" என்று பொருள். இதில் 'நீ', 'நீங்கள்' எதுவும் இல்லை, கவனித்தீர்களா? ஆளை விட்டு மணத்தை மட்டும் பாராட்டுகிறோம். அறிமுகம் இல்லாதவரிடம் இதுவே மரியாதை. நேராகச் சொல்வதானால் பெரியவரிடம் "ஆ உன் புவோன் ப்ரொஃபூமோ". நெருங்கியவரிடம் மட்டும் "ஆய் உன் புவோன் ப்ரொஃபூமோ". நம் நீங்கள், நீ போலத்தான்.

'ப்ரொஃபூமோ' என்ற சொல்லுக்கு லத்தீன் வேர், 'புகையின் வழியாக' என்பது. எண்ணெய் தேய்த்துக் குளித்த தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டும் நமக்கு இதை விளக்க வேண்டுமா?

சொல்லின் மணமும் மாறும். பழந்தமிழில் 'நாற்றம்' என்றால் நறுமணம். இன்று அப்படிச் சொன்னால் சண்டைதான்.

இத்தாலியில் 1680இல் பிறந்த பெஸ்கி பாதிரியார், நம் வீரமாமுனிவர், தமிழ் கற்று 1732இல் சதுரகராதியே தொகுத்தார். அவர் ஊர்ச் சொல் நாலு நாம் கற்றால் என்ன? பட்டு வாங்க வரும் வெளிநாட்டவரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

ஆனால் வெளியாரிடம் மட்டும் போதாது. பக்கத்து வீட்டில் காஞ்சிபுரம் இட்லி வேகும்போது சுக்கும் மிளகும் மணக்கிறதே, அதை என்றாவது அவர்களிடம் சொன்னோமா? அன்று தவறாகச் சொன்ன பயத்தில், என் மனைவி தலையில் வைக்கும் மல்லிகையைப் பற்றிக்கூட நான் வாய் திறந்ததில்லை. போன வாரம்தான் சொன்னேன். "இன்னொரு காபி வேணுமா?" என்று கேட்டாள். பரவாயில்லை, காபியும் கிடைத்தது.

தப்பாகிவிடுமோ என்று நல்ல வார்த்தையை அடக்கி வைக்காதீர்கள்.