சிறிய பிளாஸ்டிக் படகும் நம் கைவேலையும்



வேலையில்லாத நாள்களில் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கும் குட்டைக்கும் போகும் வழக்கம் நம் மக்களிடையே நெடுநாளாக உண்டு. கரையில் அமர்ந்து விராலும் கெளுத்தியும் திலாப்பியாவும் பிடித்தவர்களில் சிலர், இரண்டு மூன்று பேராகக் காசு சேர்த்துச் சிறிய பிளாஸ்டிக் படகு ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். வாங்கிய மறுவாரமே சுத்தியல் சத்தம் கேட்கத் தொடங்கிவிடுகிறது. உட்காரப் பலகை, தூண்டில் தாங்கி, நங்கூரம், சிறு மோட்டார் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார்கள்.

நம்மவர் கை சும்மா இருப்பதில்லை. ஓடாத சைக்கிளை ஓட வைக்கும் கைகள் அவை. அந்தத் திறனை நாம் போற்றுகிறோம். ஆனால் நேயர்களே, வீட்டில் அடித்த பலகை கழன்றால் தரையில்தான் விழும். படகில் செய்த வேலை பிழைத்தால் ஆள் தண்ணீரில் விழுவான். அந்தப் படகில் நம் பிள்ளைகளும் ஏறுகிறார்கள். எனவே, எதைச் சேர்க்கலாம், எப்படிச் சேர்க்கலாம் என்பதை இன்று சற்று ஆராய்வோம்.

முதலில் இந்தப் பிளாஸ்டிக் எது என்று அறிந்துகொள்வோம். இத்தகைய படகுகளில் பல, பாலிஎத்திலீன் என்னும் பொருளால் ஆனவை. 1933-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் இரசாயன ஆய்வுக்கூடம் ஒன்றில், வேறு ஒரு சோதனையின்போது தற்செயலாகக் கிடைத்த பொருள் இது. நம் வீட்டுப் பின்புறத்தில் மழைநீர் பிடிக்கும் நீலப் பீப்பாயும் இதே இனந்தான்.

இப்பொருளுக்கு மூன்று குணங்கள் உண்டு. முதற்குணம், இதில் பசை ஒட்டாது. கடையில் விற்கும் எந்தச் சாதாரணப் பசையைத் தடவினாலும் சில நாளில் தோல்போல் உரிந்து வந்துவிடும். ஆகவே, பாரம் தாங்கும் எதையும் ஒட்டக்கூடாது. போல்ட்டும் நட்டும் போட்டே முடுக்க வேண்டும். பிளாஸ்டிக் மெத்தென்று இருப்பதால், சிறிய வாஷர் அதற்குள் அமிழ்ந்து துளையைப் பெரிதாக்கிவிடும். அகலமான வாஷரைப் போட்டு, உட்புறம் ஒரு தடித்த பலகைத் துண்டையும் வைத்து முடுக்கினால் பாரம் பரவி நிற்கும். துருப்பிடிக்காத எஃகுச் சாமான்களுக்குச் சற்று அதிகக் காசு கொடுப்பது வீண்செலவன்று.

இரண்டாவது குணம், இது வெயிலில் நீளும். ஒரு மீட்டர் நீளமுள்ள பாலிஎத்திலீன், வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் ஏறக்குறைய 0.15 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை நீளும். சிறிய கணக்குத்தானே என்று எண்ண வேண்டாம். இரண்டு மீட்டர் பலகையைப் படகின் ஓரத்தில் பொருத்துகிறோம். காலைக் குளிரைவிட நண்பகலில் படகின் உடல் 20 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், பிளாஸ்டிக் 6 முதல் 8 மில்லிமீட்டர் வரை நீளும். மரப்பலகை அப்படி நீளாது. ஒன்று இழுக்க, மற்றது மறுக்க, போல்ட் துளையிலிருந்து விரிசல் கிளம்பும். இதற்கு எளிய வழி உண்டு. பலகையின் ஒரு முனையில் வட்டத் துளையிட்டு முடுக்குங்கள். மற்றத் துளைகளைச் சற்று நீளவாக்கில் குடைந்துவிடுங்கள். பிளாஸ்டிக் நகர இடமிருந்தால் விரிசல் வராது.

மூன்றாவது குணம், இது தண்ணீரைவிடச் சற்றே இலேசானது. ‘அப்படியானால் மூழ்காதே’ என்று நண்பர்கள் மகிழ்கிறார்கள். இங்கேதான் கணக்குப் பாடம் உயிர் காக்கிறது. ஒற்றைச் சுவராலான படகு ஒன்றின் எடை 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் தண்ணீர் முழுவதும் நிறைந்துவிட்டால், அந்தப் பிளாஸ்டிக் தன்னைத் தாங்கியதுபோக ஏறத்தாழ இரண்டரைக் கிலோவைத்தான் கூடுதலாகத் தாங்கும். நாம் ஏற்றியிருப்பதோ 20 கிலோ பேட்டரி, 15 கிலோ மோட்டார், நங்கூரமும் பெட்டியுமாக இன்னும் 10 கிலோ. மொத்தம் 45 கிலோ. படகு அடியில் போய்விடும். பிடித்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.

ஆகவே, நாம் செய்ய வேண்டிய முதல் சீர்திருத்தம் மிதவையே ஆகும். ஆர்க்கிமிடீஸ் கண்ட விதியை நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீரை விலக்கும் பொருளை, ஏறக்குறைய ஒரு கிலோ விசை மேலே தள்ளும். அப்படியானால் 45 கிலோவுக்கு 45 லிட்டர் மிதவை போதும். ஒன்றரை லிட்டர் காலிப் புட்டிகளை மூடி இறுக்கிக் கட்டினால் 30 புட்டிகள். அதற்குமேல் பத்துப் புட்டி சேர்த்தால் இன்னும் நல்லது. நீச்சல் பழகும் பிள்ளைகள் பிடித்துக்கொள்ளும் நுரைக் குழல்களும் தண்ணீர் குடிக்காதவை. மீன் பெட்டி செய்யும் வெள்ளை நுரைப்பொருளைப் பெட்ரோல் படும் இடத்தில் வைக்காதீர்கள். பெட்ரோல் அதைக் கரைத்துவிடும்.

மிதவையை எங்கே கட்டுவது என்பதும் முக்கியம். படகின் நடு அடியில் கட்டினால், தண்ணீர் புகுந்த படகு புரண்டுவிடும். இரு பக்கமும் விளிம்பை ஒட்டி, கூடியவரை மேலாகக் கட்டினால் நிமிர்ந்து நிற்கும். வெயிலில் புட்டிகள் நொறுங்கும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

அடுத்து உட்காரும் பலகை. வசதிக்காகவும், தூரம் பார்க்கவும் அதை உயர்த்தவே பலர் விரும்புகிறார்கள். பாரம் உயர உயரப் படகின் உறுதி குறையும். பேட்டரியும் நங்கூரமும் அடியில், நடுவில் இருக்கட்டும். அவை நகராதபடி வாரால் கட்டுங்கள். இருக்கை தாழ்வாகவே இருக்கட்டும். எழுந்து நின்று தூண்டில் வீசுவது பெரிய படகுக்காரர் வேலை.

பால்மரம் சீவிய பெரியவர்களுக்கு ஒன்று நன்கு தெரியும். காண்டாக் கம்பில் வாளி நிறையப் பால் தூக்கி நடக்கும்போது, ஒருபக்கம் ஆடினால் மறுபக்கமும் ஆடி, நடையே தடுமாறும். படகின் அடியில் தேங்கும் தண்ணீரும் அப்படித்தான். படகு இடப்பக்கம் சாய்ந்தால் அதுவும் இடப்பக்கமே ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். ஆகவே, பழைய எண்ணெய்ப் புட்டி ஒன்றின் அடியை வெட்டி, கயிறு போட்டுப் படகிலேயே கட்டி வையுங்கள். காசில்லாமல் செய்யும் சீர்திருத்தங்களில் இதற்கு ஈடில்லை.

மின்மோட்டார் வைப்பவர்கள், பேட்டரிக்கு மிக அருகிலேயே ஒரு ஃபியூஸ் போடுங்கள். கம்பி உரசித் தீப்பிடித்தால் தண்ணீர் நடுவே ஓட இடமில்லை. நங்கூரக் கயிற்றைப் படகின் முன்முனையில்தான் கட்ட வேண்டும். பின்முனையில் கட்டினால், ஓட்டமுள்ள ஆற்றில் தண்ணீர் பின்புறமாக ஏறிவிடும்.

இடத்தைப் பற்றியும் ஒரு சொல். பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய குட்டைகள் நிறைய உண்டு. 1985-இல் ஈய விலை சரிந்தபின் பல சுரங்கங்கள் மூடப்பட்டன, குட்டைகள் நின்றுவிட்டன. அவற்றின் கரை இரண்டு அடி வைத்ததும் திடீரென்று ஆழத்தில் இறங்கக்கூடும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று முன்னோர் சொன்னது வெறும் பழமொழியன்று. எச்சரிக்கைப் பலகை நட்ட குட்டையில் படகை இறக்கவே வேண்டாம். இடி கேட்டால், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் கரைக்கு வந்துவிடுங்கள்.

எல்லா வேலையும் முடிந்தபின் ஒரு சோதனை இருக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் படகை இறக்கி, மோட்டாருக்கும் பேட்டரிக்கும் பதிலாக அதே எடையுள்ள பழைய இரும்பைக் கட்டி, படகு நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். மிதந்தால் உங்கள் கைவேலை தேர்ச்சி பெற்றது. மூழ்கினால், இடுப்பளவு தண்ணீரில் மூழ்கியதற்கு மகிழ்ந்து, இன்னும் மிதவை கட்டுங்கள்.

தாய்மார்களே, தூண்டில் நுணுக்கமெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. படகு புறப்படுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். நிறையத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தீர்களா? ஏறுகிறவர் எல்லாருக்கும் மிதவைச் சட்டை இருக்கிறதா? எந்த இடத்துக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் மகனையும் மகளையும் ஏற்றி அனுப்புங்கள். பதில் வரவில்லையென்றால் அன்றைக்குக் கரையிலேயே தூண்டில் போடட்டும். கரையிலும் மீன் கிடைக்கும்.