விற்காத சரக்கு எது?

 

நான் பாலிடெக்னிக் டிப்ளோமாவோடு படிப்பை நிறுத்தி, சுங்கைப்பட்டாணியில் கடை நடத்துபவன். லண்டன் பல்கலைக்கழகச் சட்டப் பட்டம் பெற்ற என் தங்கை, வழக்கறிஞராவதற்கான சிஎல்பி தேர்வுக்குப் படிக்கிறாள். மொத்தம் 5 தாள்.

வீட்டில் எழுதிப் பார்த்த மாதிரித் தாள்களில், சாட்சியச் சட்டத்தில் மட்டும் 61, 38, 54, 41 என்று ஏறி இறங்கியது. "நானா, எனக்கு இது வராது" என்று புத்தகத்தை மூடிவிட்டாள். தினமும் "எத்தனை மார்க்?" என்று கேட்டுக் கேட்டு அவளைச் சோர வைத்தவன் நான்தான்.

தோட்டம் தோட்டமாகச் சைக்கிளில் துணி விற்ற நம் பாட்டன்மார், சம்பள நாளையும் வெறும் நாளையும் சேர்த்தே கணக்குப் பார்த்தார்கள். அதுபோல நாங்களும் நான்கு தாள்களையும் விரித்து, கேள்விவாரியாகக் கூட்டினோம். ஒப்புதல் வாக்குமூலக் கேள்வியில் அவள் தவறவே இல்லை. செவிவழிச் சாட்சியம் கேட்ட இரண்டு நாளும்தான் மதிப்பெண் விழுந்திருந்தது. அந்தப் பாடத்தை இரண்டு வாரம் படித்தாள். அதே கேள்வி வந்த அடுத்த தாளில் 52.

தேர்வு இனிமேல்தான். முடிவு அல்லாஹ்விடம். உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் "எத்தனை?" என்று கேட்காதீர்கள், "எது விட்டுப்போச்சு?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.